சமாதி என்றால் கல்லறை மட்டுமல்ல



நம் ஊர்ப் பேச்சில் சமாதி என்றால் கல்லறை. அனுராதபுரத்துக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் மஹமெவ்னா பூங்காவில் சமாதிச் சிலையைப் பார்த்துவிட்டு, "இது யாருடைய கல்லறை, சேர்?" என்று கேட்பதுண்டு. பாளி மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். சிதறி ஓடும் மனதை ஓரிடத்தில் கூட்டி வைப்பதுதான் சமாதி. போயா நாளில் வெள்ளை உடுத்து பன்சலைக்குப் போகும் நம் அயலவர்கள் அங்கே கண்ணை மூடி இருந்து என்ன செய்கிறார்கள்? இறம்பொடையில் அவர்களோடு ஒரே பஸ்ஸில் போய்வரும் நாங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய சூத்திரங்கள் கண்ணை மூடுவதிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் ஒழுக்கம். பிறகு ஐம்புலன்களைக் காத்தல், அளவாக உண்ணுதல். அதன் பின்தான் மரத்தடியிலோ ஆளில்லாத இடத்திலோ அமர்ந்து மூச்சைக் கவனிப்பது. நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகியதைக் குறுகியது என்றும் அறிவதில் தொடங்கி, ஆனாபானசதி சூத்திரம் 16 படிகளைச் சொல்கிறது.

இதற்குத் தடைகள் ஐந்து: ஆசை, பகை, சோம்பல், பதற்றம், சந்தேகம். இவை அடங்கும்போது மனம் "ஜான" எனப்படும் நிலைகளுக்குள் போகிறது. அவை நான்கு. முதலாவதுக்குச் சாமஞ்ஞபல சூத்திரம் தரும் உவமை அழகானது. குளிப்பாட்டுகிறவன் வாசனைப் பொடியில் நீர் தெளித்துப் பிசைந்து உருண்டையாக்குகிறான். ஈரம் எங்கும் ஊறியிருக்கிறது, ஆனால் ஒரு துளியும் வழியவில்லை. அமைதியும் உடல் முழுவதும் அப்படி ஊற வேண்டுமாம்.

வாய்மொழியாக வந்த இந்தப் போதனைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டன. எழுதப்பட்ட இடமாகச் சொல்லப்படுவது மாத்தளை அலுவிகாரை. நமக்குத் தூரமில்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுர மகாவிகாரைக்கு வந்து "விசுத்திமக்க" என்ற பெருநூலை எழுதினார். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததை அவரே தம் உரை ஒன்றில் குறிப்பிடுகிறார். அதே காலத்தவராகச் சொல்லப்படும் புத்ததத்தர் உறையூர்க்காரர். தமிழ் பேசும் நிலத்துக்கும் இந்த மரபில் பங்குண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

விசுத்திமக்க 40 தியானப் பொருள்களைத் தருகிறது. அவற்றில் ஒன்று மண். விடியற்கால வானத்தின் நிறமுள்ள களிமண்ணில், ஒரு சாணும் நாலு விரலும் அகலமான வட்டம் செய்து, கண்ணை மூடினாலும் தெரியும்வரை அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் குணம் வேறு, அதற்கேற்ப ஆசிரியர் பொருளைத் தெரிந்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வகுப்பறையில் நிற்கிற எங்களுக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

இன்னொன்று மைத்திரி, அதாவது எல்லாருக்கும் நலம் நினைப்பது. தன்னிலிருந்து தொடங்கி, பிரியமானவர், பழக்கமில்லாதவர், கடைசியில் பகைவர் என்று அதை விரிக்க வேண்டும். எடுத்தவுடன் பகைவரிடம் போகக் கூடாது. முடிவில் ஒரு சோதனை. இந்த நால்வரும் ஒன்றாக இருக்கையில் கொள்ளையர் வந்து, கொல்வதற்கு ஒருவரைக் கேட்கிறார்கள். "இவரைக் கொண்டு போ" என்று ஒருவரைக் காட்டினால் தேறவில்லை. "என்னைக் கொண்டு போ" என்றாலும் தேறவில்லை! யாரையும் கொடுக்க மனம் வராதபோதுதான் எல்லை உடைந்தது என்கிறது நூல். அந்த மனதுக்கே ஆழ்ந்த சமாதி கைகூடும்.

2018 மார்ச்சில் திகன பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது. ஆனால் அந்த நெருப்பை வைத்தவர்களை மட்டும் பார்த்து ஒரு மார்க்கத்தை அளப்பது நியாயமில்லை. ஏப்ரல் 2019க்குப் பிறகு நம்மையும் அப்படி அளந்தார்களே, அந்த வலி நமக்குத் தெரியும். பகை தியானத்துக்கே தடை என்று எழுதிய நூலும் இதே நாட்டில் எழுதப்பட்டதுதான்.

நம் தொழுகை நமக்கு, அவர்கள் தியானம் அவர்களுக்கு. இரண்டையும் கலக்கச் சொல்லவில்லை. அடுத்த போயாவுக்குப் பக்கத்து வீட்டார் சில் எடுத்துவிட்டு வரும்போது, எந்தத் தியானம் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.