விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு மாறணுமா? பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர்கள் அடிக்கடி தேடும் இடம், ஜெராக்ஸ் கடை. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் என எல்லாம் இப்படிப்பட்ட கடைகளின் கம்ப்யூட்டரில்தான் ஸ்கேன் ஆகும். அதில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், கடைக்காரர் இப்போதே ஒரு முடிவெடுக்க வேண்டும்.

என்ன பிரச்சனை?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாது. "அதான் நல்லா ஓடுதே" என்பவர்கள் 2017 மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். அன்று உலகை மிரட்டிய வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கான அப்டேட், மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

உங்க கம்ப்யூட்டர் ஏத்துக்குமா?

அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 11 இலவசம். ஆனால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியே இதைச் சொல்லிவிடும். அது 'டிபிஎம் இல்லை' என்றாலும் உடனே கைவிட வேண்டாம். சில கம்ப்யூட்டர்களில் அது பயாஸ் செட்டிங்கில் ஆஃப் ஆகி இருக்கும், ஆன் செய்தால் போதும்.

8-வது தலைமுறை சிப் வந்ததே 2017-ல்தான். எனவே 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வாங்கியவை இதில் தேறாது.

"பைபாஸ் பண்ணித் தர்றேன்" என்று சர்வீஸ் கடையில் சொல்வாங்க. போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

10 நாள்தான் டைம்!

மாறுவதற்கு முன் ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்க. அப்படியே, வேலை முடிந்த வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன்களை அழித்துவிடுவதும் நல்லது. மாறிய கையோடு பழைய பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் நாலையும் ஓட்டிப் பாருங்க. எது மக்கர் செய்தாலும் 10 நாளுக்குள் செட்டிங்ஸ் மூலமே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு எல்லாம் முதலில் இருந்து போட வேண்டியதுதான். சீசன் நேரத்தில், அதாவது பிளஸ் 2 ரிசல்ட், கல்லூரி விண்ணப்பம் என கூட்டம் நிற்கும்போது, இந்த வேலையில் இறங்காதீங்க.

மாற முடியாதவங்க?

வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கட்டணம், ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகும்.

பாட்டு, படிப்பு, பிரவுசிங் மட்டும்தான் என்றால் லினக்ஸும் ஒரு வழி. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்த்தே வந்தது. பலர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்! கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவர்கள் மட்டும், அது லினக்ஸில் ஓடுமா என்று வாங்கிய இடத்தில் கேட்டுக்கொண்டு மாறவும்.