பெண், பருமன், நாற்பது

43 வயதில் என் பித்தப்பையை எடுத்தார்கள். வலது விலாவுக்குக் கீழே வந்து வந்து போன வலியை வாயு என்று நினைத்து, இரண்டு ஆண்டுகள் ஓமத் தண்ணீரிலும் சுக்குக் கஷாயத்திலும் ஓட்டியிருந்தேன். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. எதனால் வந்தது என்று கேட்டேன். “நாற்பது தாண்டியாச்சு, வெயிட்டும் இருக்கு, லேடீஸ்க்கு வர்றதுதாம்மா” என்றார் மருத்துவர். ஓராண்டு கழித்து, குரல் கம்மி, முடி கொட்டி, வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாத சோர்வோடு வேறொரு மருத்துவரிடம் போனேன். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. பல காலமாகவே குறைந்து வந்திருக்கலாம் என்றார் அவர்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? நான் தமிழ் படித்தவள். மருத்துவம் எனக்கு அயல்துறை. ஆனால் ஒரு பிரதியில் எது பேசப்படுகிறது, எது விடப்படுகிறது என்று வாசிக்கத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு மருத்துவ வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

தைராய்டுக் குறைவின் வரலாறு பெண்களிடமிருந்தே தொடங்குகிறது. 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், முகம் உப்பி, நாக்குத் தடித்து, பேச்சும் எண்ணமும் மந்தமான ஐந்து பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வாசித்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தைராய்டு சுரப்பியின் இழப்பே இந்நோய்க்குக் காரணம் என்று லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு 1888இல் உறுதி செய்தது. குழு ஆராய்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனப்பிறழ்வின் அறிகுறிகள் இருந்ததையும் அது பதிவு செய்தது.

1891இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். குளிர் தாங்காமல், அயலாரைப் பார்க்கவே கூசி ஒடுங்கிக் கிடந்தவர் அவர். சில மாதங்களில் துணையின்றித் தெருவில் நடக்கிறார் என்று மர்ரே எழுதினார். நாடித் துடிப்பையும் உடல் வெப்பத்தையும்விட, தனியாகத் தெருவில் நடப்பதுதான் என்னை நிறுத்தியது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார்.

பித்தப்பையின் கதை வேறு. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது ஓர் ஆணுக்கு. அவருக்கும் வயது 43. ஆனால் பின்னாளில் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தது ஒரு பெண்ணின் உருவத்தை: பருமன், பெண், நாற்பது, பிள்ளைப்பேறு. ஆங்கிலத்தில் நான்கு சொற்களும் எஃப் எழுத்தில் தொடங்குவதால் நினைவில் வைப்பது எளிது. இது பொய்யல்ல. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். கருவுற்ற காலத்தில் பித்தப்பை மெதுவாகவே சுருங்கும். பித்தக்கல் பெண்களுக்கே அதிகம். என் மனக்குறை வேறொன்று. வாய்பாடு விடையாகிவிட்ட இடத்தில் அடுத்த கேள்வி எழுவதில்லை. எடை ஏன் கூடியது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை தைராய்டு வரை போயிருக்கலாம். இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளவும், அதைப் பித்த அமிலமாக மாற்றவும் தைராய்டு ஹார்மோன் உதவுகிறது. பித்தநீர் குடலுக்குள் இறங்கும் வாயிலில் ஒரு தசை வளையம் உண்டு. 1887இல் அதை விவரித்த இத்தாலிய மருத்துவ மாணவர் ருஜேரோ ஒட்டியின் பெயரே அதற்கு. அந்த வளையம் தளர்வதற்கும் தைராக்சின் துணைசெய்கிறது என்று பின்லாந்தின் தம்பரே நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுரப்பு குறைந்தால் பித்தநீர் தேங்கலாம். தேங்கினால் கல் உருவாகலாம். பித்த நாளத்தில் கல் உள்ளவர்களிடம், முன்பு கண்டறியப்படாத தைராய்டுக் குறைவு மற்றவர்களைவிட அதிகம் என்றும் அவர்கள் 2007இல் எழுதினார்கள்.

ஆனால் வரலாறு நம் வசதிக்கு வளைவதில்லை. வடகிழக்கு ஜெர்மனியில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தொடர்பை ஆண்களிடமே கண்டது, பெண்களிடம் காணவில்லை. பெண்களுக்கு வேறு காரணங்கள் ஏராளமாக இருப்பதால் இந்த ஒன்று அவற்றில் மறைந்துவிடுகிறதோ என்பது என் ஊகம். என் கற்களுக்குத் தைராய்டுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. தொடர்பு இருக்கக்கூடும் என்பது வரைதான் சான்றுகள் செல்கின்றன. தைராய்டு மாத்திரை, உண்டான கல்லைக் கரைத்துவிடும் என்றும் யாரும் நம்பிவிட வேண்டாம்.

போன மாதம் என் தங்கைக்கும் பித்தக்கல் என்றார்கள். உடன் போயிருந்தேன். நான் வாய் திறக்குமுன் அவளே கேட்டாள்: “தைராய்டும் ஒரு தடவை பார்த்துடலாமா டாக்டர்?” அந்த மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதிக் கொடுத்தார். முடிவு இயல்பாகவே வந்தது. அவளுக்குக் காரணம் வேறு ஏதோ. “அப்போ ஏன் வந்திருக்கும்?” என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.