இரண்டு சாசனங்களைக் கண்டவர்

ராபர்ட் ஸ்மால்ஸ் 1839 ஏப்ரல் 5 அன்று தென் கரோலினா மாநிலத்தின் பியூஃபர்ட் ஊரில் பிறந்தார். ஹென்றி மெக்கீ என்ற வெள்ளையரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிமைக் குடில்தான் பிறந்த இடம். தாய் லிடியா அந்த வீட்டில் வேலை செய்த அடிமைப் பெண். அக்காலச் சட்டப்படி தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. பியூஃபர்ட்டைச் சுற்றியிருந்த கடலோரத் தீவுகள் நீள இழைப் பருத்திக்குப் பேர்போனவை. அங்கே உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். பின்னாளில் ஸ்மால்ஸுக்கு ஓட்டளித்து, அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தவர்களும் இம்மக்களே.

12 வயதில் அவரை மெக்கீ சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பி வெளியாட்களிடம் கூலி வேலைக்கு விட்டார். ஹோட்டலில் பரிமாறுதல், தெருவிளக்கு ஏற்றுதல், துறைமுகத்தில் மூட்டை இறக்குதல், பாய்மரம் தைத்தல் என்று பல வேலைகள். சம்பளம் எஜமானருக்குப் போய்ச் சேரும். வாரத்துக்கு 1 டாலர் மட்டும் சிறுவனின் கையில் தங்கும். 1856-இல் ஹோட்டல் பணிப்பெண்ணான ஹன்னா ஜோன்ஸை மணந்தார். ஹன்னா வேறொருவரின் அடிமை. மனைவியையும் குழந்தையையும் விலைக்கு வாங்கி விடுவிக்க 800 டாலர் வேண்டியிருந்தது. அந்தத் தொகை சேர்வதற்குள் 1861 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டை மீது தென் மாநிலங்களின் பீரங்கிகள் முழங்கி, உள்நாட்டுப் போர் மூண்டது.

தென்னகப் படை ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலைச் சரக்கும் ஆயுதமும் ஏற்றிச் செல்லப் பயன்படுத்தியது. அதன் சுக்கானைப் பிடித்தவர் ஸ்மால்ஸ். கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியின் வேலை முழுவதையும் அவர் செய்தாலும், அந்தப் பதவிப் பெயரைக் கறுப்பருக்குத் தருவதில்லை என்பதால் ‘சுக்கான்காரர்’ என்றே அவரைக் குறித்தார்கள். துறைமுகத்தின் ஆழமும் திட்டுகளும், கண்ணிகள் புதைத்த இடங்களும், ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் எழுப்ப வேண்டிய ஊதல் ஒலியும் அவருக்கு அத்துப்படி. 1862 மே 12 மாலை, கழற்றிய பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு பிளான்டர் சார்ல்ஸ்டன் துறைக்குத் திரும்பியது. விதிமுறைக்கு மாறாக வெள்ளை அதிகாரிகள் மூவரும் இரவைக் கழிக்கக் கரையிறங்கினார்கள். மறுநாள் விடியலுக்கு முன், சுமார் 3 மணிக்கு, ஸ்மால்ஸ் கேப்டனின் தொப்பியை அணிந்துகொண்டு கப்பலை நகர்த்தினார். வேறொரு துறையில் காத்திருந்த ஹன்னாவையும் பிள்ளைகளையும் மற்றவர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு, கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்தார். சம்டர் கோட்டைக்கு எதிரே வந்ததும் வழக்கமான சமிக்ஞையைக் கொடுத்தார். காவலர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. பீரங்கிகளின் எட்டுதூரத்தைத் தாண்டிய பிறகு தென்னகக் கொடியை இறக்கி வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். முற்றுகையிட்டிருந்த வடக்குக் கடற்படையின் ‘ஆன்வர்ட்’ கப்பல் சுடத் தயாராக இருந்த நிலையில் அந்த விரிப்பைக் கண்டு சுடாமல் நின்றது. பிளான்டரில் இருந்த 16 பேருக்கும் அன்று காலை விடுதலை கிடைத்தது. ஸ்மால்ஸுக்கு அப்போது வயது 23.

இந்தச் சாகசம் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரபரப்பாக வெளிவந்தது. ஸ்மால்ஸ் கொண்டுவந்த சமிக்ஞைக் குறிப்பேடும், சார்ல்ஸ்டனை ஒட்டிய கோல்ஸ் தீவைத் தென்னகப் படை காலி செய்துவிட்டது என்ற செய்தியும் வடக்குக் கடற்படைத் தளபதி டுபாண்ட்டுக்குக் கப்பலைவிடப் பெரிய பரிசாக அமைந்தன. சில நாட்களில் அத்தீவு வடக்கின் வசமானது. காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி ஸ்மால்ஸின் பங்காக 1,500 டாலர் வந்தது. கப்பலின் மதிப்பைக் குறைத்துப் போட்டதால் உரியதைவிட வெகு குறைவான தொகை அது. இருபது ஆண்டுகளுக்குப் பின் காங்கிரஸின் குழு ஒன்றே அதன் மதிப்பு 67,000 டாலர் என்று கணக்கிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் போதகர் மேன்ஸ்ஃபீல்ட் ஃபிரெஞ்சுடன் ஸ்மால்ஸ் வாஷிங்டன் சென்றார். தென் கரோலினாக் கடலோரத்தில் 5,000 கறுப்பினத்தவர் வரை படையில் சேர்க்கலாம் என்ற போர்த்துறை ஆணையுடன் இருவரும் திரும்பினார்கள். 1863 ஏப்ரல் 7 அன்று சம்டர் கோட்டையைத் தாக்கிய இரும்புக் கவசக் கப்பல் ‘கியோகக்’குக்கு வழிகாட்டியவர் ஸ்மால்ஸ். 90-க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்து, மறுநாள் காலை அது மூழ்கியது. அவ்வாண்டு இறுதியில், எதிரியின் குண்டுமழையில் வெள்ளைக் கேப்டன் நிலைகுலைந்தபோது பிளான்டரைக் காப்பாற்றி மீட்டார்; அதற்குப் பின் அந்தக் கப்பலுக்கு அவரே கேப்டன். 1864-இல் பழுதுபார்ப்பதற்காகக் கப்பல் பிலடெல்பியாவுக்குப் போனது. அங்கிருந்த மாதங்களில் ஆசிரியர் வைத்து எழுதப் படிக்கக் கற்றார். அங்கே ஒருநாள் டிராம் வண்டியில் வெள்ளையருக்கு இடம்விட்டு வெளியே நிற்கச் சொன்னதால் இறங்கி நடந்தார். போர்வீரர் ஒருவருக்கு நேர்ந்த இந்த அவமதிப்பு டிராம் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்துக்கு வலுச் சேர்த்தது. 1867-இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

போர் நடக்கும்போதே பியூஃபர்ட் வடக்கின் கையில் இருந்தது. வரி கட்டாமல் ஓடிப்போன நிலவுடைமையாளரின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. தான் எந்த வீட்டின் பின்புறத்தில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே ஸ்மால்ஸ் ஏலத்தில் எடுத்தார். போருக்கு முந்தைய உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1870களின் இறுதியில் ஸ்மால்ஸுக்குச் சாதகமாக முடிந்தது. வரி ஏலத்தில் நிலம் வாங்கிய பிறருக்கும் இந்தத் தீர்ப்பு பாதுகாப்பளித்தது.

ஸ்மால்ஸ் பற்றிய நூல்கள் பெரும்பாலும் பிளான்டரோடு பரபரப்பை முடித்துக்கொண்டு, அரசியல் வாழ்வைச் சில பக்கங்களில் கடந்துவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. அவரது ஆயுளின் கடினமான போர் 1868-இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரியில் சார்ல்ஸ்டனில் கூடிய அரசியல் சாசன மன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கறுப்பினத்தவர். ஸ்மால்ஸ் பியூஃபர்ட்டின் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமான, கட்டாயமான பொதுப் பள்ளிகள் வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். எழுத்தறிவு கிட்டிச் சில ஆண்டுகளே ஆன ஒருவர் கொண்டுவந்த தீர்மானம் அது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக இருந்த மாநிலத்தில், பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் இனம் பாராமல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று புதிய சாசனம் எழுதிவைத்தது. ஸ்மால்ஸின் பொதுவாழ்வில் இதைவிடப் பெரிய சாதனை இல்லை என்றே சொல்லலாம்.

அதன்பின் மாநிலக் கீழவையிலும், 1870 முதல் மேலவையிலும், 1875 மார்ச் முதல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையிலும் அமர்ந்தார். ராணுவத்தில் ஆளெடுக்கும்போது இன, நிற வேறுபாடு கூடாது என்ற திருத்தத்தை 1876-இல் முன்மொழிந்தார், அது ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் ஊரில் கறுப்பினக் காவற்படையினரை வெள்ளைக் கும்பல் சுட்டுக் கொன்றது. நேரில் கண்ட ஒருவரின் கடிதத்தை ஸ்மால்ஸ் சபையில் படித்து, கூட்டாட்சிப் படைகளை மாநிலத்திலிருந்து விலக்கக்கூடாது என்று வாதாடினார். எழுதியவரின் பெயர் என்ன என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வற்புறுத்தினார். இன்னொரு கறுப்பர் கொல்லப்படுவதற்காகப் பெயர் கேட்பதானால் அது தன்னிடமிருந்து கிடைக்காது என்று பதிலளித்தார் ஸ்மால்ஸ்.

அதே கோடையில் கம்பாஹி ஆற்றங்கரை நெல் வயல்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளியின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுகளைக் கூலியாகக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளம்பியிருந்தார்கள். ஆளுநர் சேம்பர்லினின் வேண்டுகோளின்பேரில் சென்ற ஸ்மால்ஸ், தொழிலாளர்களின் குறை நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு பேசி, ரத்தம் சிந்தாமல் நிலைமையைத் தணித்தார்.

1876 தேர்தலில் ‘செஞ்சட்டையர்’ என்ற ஆயுதக் குழுவினர் கறுப்பின வாக்காளரை மிரட்டி, மாநில ஆட்சியை எதிர்க்கட்சி கைப்பற்ற உதவினார்கள். ஸ்மால்ஸ் தன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் 1877 ஏப்ரலில் கூட்டாட்சிப் படைகள் பின்வாங்கியதும் புதிய ஆட்சியாளர்கள் பழைய தலைவர்கள்மீது வழக்குகள் தொடுத்தார்கள். மேலவை உறுப்பினராக இருந்தபோது அச்சு ஒப்பந்தம் ஒன்றுக்காக 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்பது ஸ்மால்ஸ் மீதான குற்றச்சாட்டு. முக்கிய சாட்சி ஒப்பந்தக்காரரான ஜோசஃபஸ் உட்ரஃப். அவரே ஊழலில் ஊறியவர். மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் வந்தார். தேர்தல் குற்றங்களுக்காக வெள்ளையர்கள் மீது இருந்த கூட்டாட்சி வழக்குகளைக் கைவிடும் உடன்பாட்டின் பகுதியாக, 1879-இல் ஆளுநர் சிம்ப்சன் அவருக்கு மன்னிப்பளித்தார். அந்தக் கால மாநில நிர்வாகத்தில் ஊழல் இருந்தது உண்மை. ஆனால் வழக்கு எப்போது வந்தது, எப்படிப் பேரத்தில் முடிந்தது என்பதைப் பார்க்கும்போது, நீதியைவிட அரசியல்தான் அதை நடத்தியது என்ற முடிவே பொருந்துகிறது.

1878 பிரசாரத்தின்போது கில்லிசன்வில் கூட்டத்தைச் செஞ்சட்டையர் சூழ்ந்துகொள்ள, ஸ்மால்ஸும் தோழர்களும் ஒரு கடைக்குள் ஒதுங்கினார்கள். செய்தி பரவியதும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டி, கோடரியோடு திரண்டு வந்ததால் உயிர் தப்பினார். அந்தத் தேர்தலில் ஜார்ஜ் டில்மனிடம் தோற்றார். 1880-லும் தோற்றதாக அறிவிப்பு வந்தது; முறைகேட்டை எதிர்த்து வழக்காடி 1882 ஜூலையில் இடத்தைப் பெற்றார். அதற்குள் மாநிலச் சட்டமன்றம் தொகுதிகளைக் கண்டபடி வெட்டி, கறுப்பின வாக்காளரை ஏழாம் தொகுதி ஒன்றுக்குள் அடைத்துவிட்டது. எட்மண்ட் மேக்கியின் மரணத்தால் காலியான அந்த இடத்துக்கு 1884-இல் வந்து 1887 மார்ச் வரை இருந்தார். 1862-இலேயே கறுப்பினப் படையைத் திரட்டிய ஜெனரல் டேவிட் ஹன்டரின் மனைவிக்கு ஓய்வூதியம் வழங்க அவர் ஆதரித்த மசோதாவை அதிபர் கிளீவ்லாந்து நிராகரித்தார். 1886 தேர்தலில் வில்லியம் எலியட் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அம்முறை ஸ்மால்ஸின் முறையீடு எடுபடவில்லை. 1889-இல் அதிபர் ஹாரிசன் அவரைப் பியூஃபர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக நியமித்தார்.

1895 செப்டம்பரில் கொலம்பியாவில் புதிய சாசன மன்றம் கூடியது. ஜார்ஜ் டில்மனின் தம்பியும் அமெரிக்க செனட்டருமான பென் டில்மன் அதை நடத்தினார். கறுப்பரின் ஓட்டுரிமையைப் பறிப்பதே நோக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. சுமார் 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 6 பேர். ஐவர் பியூஃபர்ட் மாவட்டத்தவர். ஸ்மால்ஸ், தாமஸ் மில்லர், வில்லியம் விப்பர், ஜேம்ஸ் விக், ஐசாயா ரீட், ராபர்ட் ஆண்டர்சன் ஆகிய ஆறு பேரும் வாரக்கணக்கில் வாதாடினார்கள். தலைவரியும், சாசனத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டும் தேர்வும் அல்லது 300 டாலர் சொத்தும், அதிகாரியின் மனம்போல முடிவெடுக்க இடமளித்த விதிகளும் ஓட்டுரிமையின் வாசலில் நின்றன. இனக் கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது, கறுப்பினப் பெண்ணுடன் வாழும் வெள்ளையர் எந்தப் பதவியும் வகிக்கக்கூடாது என்று ஸ்மால்ஸ் திருத்தம் கொடுத்தார். எத்தனையோ கனவான்களின் மறைவான குடும்பங்களை அறிந்திருந்த அந்த அவைக்கு அது பெரும் சங்கடம், திருத்தம் தோற்றது. இனத்துக்கு ஒரு பள்ளி என்ற பிரிவினையும் சாசனத்தில் ஏறியது. 1868-இல் அவர் முயன்று கட்டியது இங்கே இடிக்கப்பட்டது. இறுதியில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திடாதவர்களுக்குப் பயணப்படி கிடையாது என்ற பேச்சு எழுந்தபோது, கையெழுத்திடுவதைவிடப் பியூஃபர்ட்டுக்கு நடந்தே போவேன் என்றார்.

அந்த வருடம் அவருடைய இரண்டாம் மனைவி ஆனியும் காலமானார். ஹன்னா 1883-இலேயே இறந்துவிட்டார். சுங்க அதிகாரி பதவியில் 1898 முதல் 1913 வரை மீண்டும் பணியாற்றி, அதிபர் வில்சன் காலத்தில் விலகினார். 1915 பிப்ரவரியில், 75 வயதில், பியூஃபர்ட்டில் தன் வீட்டில் இறந்தார். டபர்நேகிள் பாப்டிஸ்ட் தேவாலய வளாகத்தில் அடக்கம் நடந்தது. தென் கரோலினாவின் அக்காலத்துக் கடைசிக் கறுப்பினப் பிரதிநிதியான ஜார்ஜ் மர்ரேயின் பதவிக்காலம் 1897-இல் முடிந்திருந்தது. அடுத்தவராக ஜிம் கிளைபர்ன் பதவியேற்றது 1993-இல்.