அறிமுகம் தந்த உத்தியோகம்

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நமக்கு, உத்தியோகச் செய்தி உற்ற நண்பர் வாயிலாகவே வருமென்பது பொதுவான எண்ணம். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரையடுத்த நியூட்டன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறியோர் பலரை மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலார் வினவினார். 1973-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில், அத்தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்கு 17 பேரே. எப்போதாவது சந்தித்தோர் 55-க்கு மேல். அரிதாகவே சந்தித்தோர் ஏறக்குறைய 28. காரணம் எளிது. நெருங்கிய நண்பர் அறிந்தவற்றை நாமும் முன்னரே அறிந்திருப்போம். தூரத்து அறிமுகமோ வேறு வட்டத்தில் உலவுபவர்; அவர் செவியில் விழுவது நமக்கு எட்டாதது.

ஆனால் அத்தகைய அறிமுகங்களைக் காப்பது எங்ஙனம்? இருபதாண்டு இரயில்வே சேவையில் நாம் நான்கு ஊர்களுக்கு மாற்றலானோம். நமது குறிப்பேட்டிலுள்ள முகவரிகளிற் பாதிக்குமேல் இன்று பயனற்றவை. பிலாஸ்பூரில் ஆறு மாதம் அடுத்த அறையில் இருந்த பார்சல் குமாஸ்தா ஒருவருக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்து, ஆளில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

முகவரிக்குரியவரே தம் விவரங்களைத் திருத்தி வைக்கும் பொது ஏடு ஒன்று இருந்தால் இக்குறை தீருமன்றோ? ரீட் ஹாஃப்மன் முதலானோர் கலிபோர்னியாவில் அமைத்த லிங்க்ட்இன் என்னும் இணையதளம் 2003 மே 5-ல் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் இத்தகைய தளமொன்று தோன்றிற்று. 2016-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலருக்கு லிங்க்ட்இன்னை வாங்க முன்வந்ததென்றால் முகவரி ஏட்டின் மதிப்பை என்னென்பது! தற்புகழ்ச்சி அங்கே மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை.

அத்தளத்தின் 2 கோடி உறுப்பினரை ஐந்தாண்டு ஆராய்ந்த முடிவு 2022-ல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. வேலை மாற்றத்திற்கு, மிக நெருங்கிய தொடர்பைவிட ஓரளவு தளர்ந்த தொடர்பே மிகுதியாக உதவியதாம். எனினும் கணினிப் பயன்பாடு குறைந்த தொழில்களில் நெருங்கிய தொடர்புக்கே வலிமை கூடுதல்.

சென்ற ஆண்டு நம் மைந்தன் நமது பெயரையும் அத்தளத்தில் பதிந்து தந்தான். வாழ்த்து திரும்பி வந்த அந்தப் பார்சல் குமாஸ்தா அங்கே இருந்தார்! இரயில்வேயை விட்டுச் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியொன்றிற் பணிபுரிகிறார். நலம் விசாரித்து எழுதினோம். மறுநாளே விடை வந்தது. மைந்தன் என்ன படித்திருக்கிறான், விவரத்தை உடனே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.