உதகை: மலையரசிக்கு நாம் செய்தது என்ன?

முன்னுரை

"கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டால் நம்மில் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஊட்டி. அந்த மலைக்குச் சுற்றுலா எப்படி வந்தது, வந்த பின் மலை என்ன ஆனது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. சுற்றுலாவின் தீமை என்றதும் குப்பையும் பிளாஸ்டிக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீலகிரியின் கதை பிளாஸ்டிக் பை பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஒரு நகரம் பிறந்த கதை

நீலகிரி ஆளில்லாத மலையாக இருந்ததில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகிய மக்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். தோடர்கள் எருமை மேய்க்க, கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்ய, படுகர்கள் பயிர் செய்ய, ஒருவரை ஒருவர் சார்ந்த வாழ்க்கை அது.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். இங்கிலாந்தைப் போன்ற குளிர் அவரை மயக்கியது. 1822-இல் தோடர் மந்து இருந்த இடத்துக்கு அருகே 'ஸ்டோன் ஹவுஸ்' எனும் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். 1820-களிலேயே ஓடையை மறித்து ஏரியும் உருவாக்கப்பட்டது. மலை நிலத்தில் தோடர்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடியவரும் இதே சல்லிவன்தான். ஆனால் அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவர்கள் அந்த வாதத்தைப் பொருட்படுத்தவில்லை. நோயுற்ற சிப்பாய்கள் தேறுவதற்கான இடமாக இருந்த உதகை, பிறகு சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகரானது. 1848-இல் தாவரவியல் பூங்கா, 1899-இல் குன்னூர் வரை மலை ரயில், 1908-இல் அதே ரயில் உதகைக்கு என வசதிகள் வளர்ந்தன.

அழகுக்காக அழிந்த அழகு

குளிர் ஊரில் அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டும். அதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் (யூகலிப்டஸ்) வாட்டில் மரமும் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டன. அவை நடப்பட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது தரிசு நிலம். உண்மையில் புல்வெளியும் அதனிடையே பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடும் சேர்ந்து, பஞ்சு போல மழைநீரை உறிஞ்சி ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விடுபவை. நீலகிரி வரையாட்டின் வீடும் தோடர் எருமைகளின் மேய்ச்சல் நிலமும் அதுவே. சுதந்திரத்துக்குப் பிறகும் மரம் நடுவது பல ஆண்டுகள் தொடர்ந்தது. இன்று நாம் "என்ன அழகான காடு!" என்று போட்டோ எடுக்கும் தைல மரத் தோப்புகளில் பல, அழிந்துபோன புல்வெளியின் மேல் நிற்பவை.

இது மலைக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. நீலகிரியின் நீர் பவானியாகவும் மாயாறாகவும் இறங்கி பவானிசாகரில் சேர்கிறது. மலையின் ஊற்று வற்றினால் ஈரோட்டு விவசாயியின் வயல் காயும்.

இன்றைய பாதிப்புகள்

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ஆண்டுதோறும் வரும் சுற்றுலாப் பயணிகளோ இதைப் போலப் பல மடங்கு. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் வருவதாக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. விடுதிகளின் தேவைக்கு லாரியில் தண்ணீர் போகும்போது, உள்ளூர்ப் பெண்கள் குடத்துடன் காத்திருக்கிறார்கள். நகரின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக, நாம் படகு விடும் அதே ஏரியில் கலந்து வந்துள்ளது. சரிவுகளில் கட்டடம் பெருகியதால் மழைக்காலம் அச்சம் தருகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலையடிவாரத்தில் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்திலேயே ரிசார்ட்டுகள் முளைத்தன. 2010-இல் அரசு அறிவித்த அந்த வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நிலைத்த சுற்றுலாவுக்கு வழி

நீலகிரி நமக்கு நல்ல பாடமும் சொல்லித் தந்துள்ளது. தமிழகம் முழுவதும் பிளாஸ்டிக் தடை 2019-இல்தான் வந்தது. நீலகிரியிலோ 2000-களின் தொடக்கத்திலேயே தடை கொண்டுவரப்பட்டது. 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது.

இதை எதிர்த்து வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மாத சீசன் வருமானத்தை நம்பித்தான் அறை வாடகைக்கு விடுபவரும், டாக்சி ஓட்டுபவரும், வர்க்கி விற்பவரும் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறார்கள். எனவே வரம்பு வைப்பதோடு நின்றால் போதாது.

* மேட்டுப்பாளையத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்திலும் ரயிலிலும் செல்ல வசதி வேண்டும்.
* கூட்டத்தை மே மாதத்தில் குவிக்காமல் ஆண்டு முழுவதும் பரவச் செய்தால், மலையும் தாங்கும், கடைக்காரருக்கும் வருமானம் நிற்காது.
* கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் மழைநீர்ச் சேகரிப்பும் இல்லாத விடுதிக்கு அனுமதி கூடாது.
* வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியில் பழங்குடி மக்களுக்கு வேலையும், முடிவெடுப்பதில் இடமும் தரப்பட வேண்டும்.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளாக நீலகிரியை நாம் "வருபவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டே மாற்றி வந்திருக்கிறோம். வெள்ளைக்காரன் கேட்டது விறகும் ஏரியும். நாம் கேட்பது அறையும் பார்க்கிங்கும். கேட்பவர் மாறினாரே தவிர கேள்வி மாறவில்லை. "இந்த மலையால் எவ்வளவு தாங்க முடியும்?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குள் நம் ஆசைகளை அடக்கிக்கொள்வதுதான் நிலைத்த சுற்றுலா. அப்படிச் செய்தால் மலையரசியின் முடி நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பச்சையாக இருக்கும்.