அரபு முகமன்கள்: தோற்றமும் பயன்பாடும்

அரபு முகமன்கள் என்பவை அரபு மொழி பேசுவோர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் கூறும் வாழ்த்துத் தொடர்கள் ஆகும். இவற்றுள் பலவற்றுக்கு உரிய மறுமொழிகள் உண்டு. கேட்டதைவிடச் சற்றுக் கூட்டி வாழ்த்துவது மரபு.

வரலாறு

இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபியர் 'இம் ஸபாஹன்' (காலை இனிதாகுக) என வாழ்த்தினர். 'முஅல்லகாத்' எனப்படும் பழங்கவிதைகளில் ஸுஹைரும் அன்தராவும் தம் அன்புக்குரியவள் வாழ்ந்த இடத்தை இவ்வாறு வாழ்த்துகின்றனர். 7ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் தோன்றிய பின் 'அஸ்ஸலாமு அலைக்கும்' (உங்கள் மீது அமைதி உண்டாகுக) நிலைபெற்றது. எபிரேய மொழியின் 'ஷாலோம்' என்பது 'ஸலாம்' என்பதன் உறவுச்சொல். வாழ்த்தியவருக்கு அதற்கு இணையாகவோ அதைவிடச் சிறப்பாகவோ மறுமொழி கூறுமாறு குர்ஆன் (4:86) பணிக்கிறது.

பயன்படும் இடங்கள்

'அஸ்ஸலாமு அலைக்கும்' எந்த நேரத்துக்கும் பொருந்தும். மறுமொழி 'வ அலைக்குமுஸ் ஸலாம்'. 'வ ரஹ்மத்துல்லாஹி' (இறையருளும்) என்று கூட்டியும் சொல்வர். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், இளையவர் மூத்தவருக்கும் முதலில் கூற வேண்டும் என்பது நபிமொழி. வலியவரும் விரைபவரும் முந்திக்கொண்டு அச்சம் போக்க வேண்டும் என்று இதனைக் கொள்ளலாம்.

காலையில் 'ஸபாஹுல் கைர்' (நன்மையான காலை) என்பர். மறுமொழி 'ஸபாஹுந் நூர்' (ஒளியான காலை). எகிப்தியர் 'ஸபாஹுல் ஃபுல்' என மல்லிகையையும் சேர்ப்பர். மாலையில் 'மஸாஉல் கைர்', 'மஸாஉந் நூர்'. அரபு முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துவதால், எதிரில் இருப்பவரின் சமயம் தெரியாதபோது இவை ஏற்றவை.

விருந்தினரை 'அஹ்லன் வ ஸஹ்லன்' என வரவேற்பர். 'அஹ்ல்' உறவினர், 'ஸஹ்ல்' சமநிலம். 'உறவினரிடம் வந்தீர், சமநிலத்தில் கால்வைத்தீர்' என்பது மரபான விளக்கம். 'மர்ஹபா' என்பது விசாலமான இடத்தைக் குறிக்கும். சிரியா, லெபனான் பகுதிகளில் இதற்கு 'மர்ஹப்தைன்' (இரண்டு மர்ஹபா) என்று மறுமொழி கூறுவர்.

பிரியும்போது 'மஅஸ் ஸலாமா' (பாதுகாப்புடன் செல்க) என்பர்.

பொருள்

பாதுகாப்பு, உறவு, சமநிலம், விசாலம் ஆகிய நான்கும் பாலைவனப் பயணிக்குத் தேவையானவை. தமிழில் 'சலாம் போடுதல்' பணிந்து வணங்குவதைக் குறிக்கும். அரபியில் இச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. 'என்னால் உமக்குத் தீங்கில்லை' என்று இருவரும் சமமாகத் தரும் உறுதியே அது.