ஆழியின் ஆழம் அனைவர்க்கும் உரியது

வைட்டிலாப் படகுத்துறையிலிருந்து காக்கநாட்டிற்கு 2023 ஏப்பிரல் முதல் ஓடும் நீர்வழி மெட்ரோப் படகும், கொச்சித் துறைமுகத்தில் நங்கூரமிடும் பெருங்கப்பலும் நீரின்மேல் செல்வன. ஆயினும் அவற்றின் போக்கை வகுப்பது நீரின்கீழ்க் கிடக்கும் தரையே யாகும். பிழைப்பை நாடி இந்நகர் வந்த நாம் இதனை எண்ணிப் பார்ப்பது அரிது.

கொச்சியின் வரலாறே இதற்குச் சான்று. 1341இல் பெருகிய பெரியாற்று வெள்ளம் இத்துறையைத் திறந்தது என்பர். எனினும் முகத்துவாரத்தின் குறுக்கே கிடந்த மணல்திட்டு, பெருங்கப்பல்களை வெளிக்கடலிலேயே நிறுத்தி வைத்தது. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, அலையையும் நீரோட்டத்தையும் மணலின் நகர்வையும் ஆராய்ந்த பின்னரே திட்டை வெட்டத் துணிந்தார். 1928 மே 26இல் 'பத்மா' என்னும் நீராவிக்கப்பல் உள்துறை புகுந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினர்.

நம் முன்னோரும் ஆழம் அறிந்தவரே. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு; தொளாயிரம் பார் அவற்றுள் ஒன்று. குமரி மாவட்டத்து மீனவர், கரையிலுள்ள மலைமுகட்டையும் கோபுரத்தையும் நேர்வரிசையில் நோக்கிக் கடலடிப் பாறையின் இருப்பிடத்தைக் கண்டனர். இன்று தோப்பும்படித் துறையிலிருந்து ஆழ்கடல் செல்லும் தூத்தூர்ப் பகுதியினர் அம்மரபில் வந்தோர். அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்வழியே சென்றது. ஏட்டில் ஏறாத காரணத்தால், உடையவரோடு மறைந்ததும் உண்டு.

கடலாழத்தை உலகப் பொதுவாக்கும் முயற்சி, 1903இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் ஆதரவில் தொடங்கிற்று. அதன் வழியில் 2017இல் எழுந்ததே 'கடற்றளம் 2030' திட்டம். பன்னாட்டார் அளந்தவற்றை ஒன்றுசேர்த்து, எவரும் விலையின்றிப் பெற்று மீண்டும் பயன்கொள்ள அது வழங்குகிறது. 2025 சூன் வரை உலகக் கடற்றளத்தில் 27.3 விழுக்காடே அளக்கப்பட்டுள்ளது.

ஒரு பயனுக்காக எடுத்த அளவு வேறொன்றுக்கும் உதவும். 2014 மார்ச்சில் மலேசிய வானூர்தி ஒன்று 239 பேருடன் மறைந்தது. அதைத் தேடித் தென்னிந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தை அளந்தனர். தேடியது அங்குக் கிட்டவில்லை. ஆயினும் 2017 சூலையில் ஆஸ்திரேலிய அரசின் நிலவியல் நிறுவனம் அவ்வளவுகளை உலகோர்க்குத் திறந்தளித்தது. அதுவரை எவரும் தெளிவாகக் காணாத கடலடி மலைகளும் பள்ளங்களும் ஆய்வாளர்க்குப் புலனாயின.

இஃது ஆய்வாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 2004 திசம்பர் 26இல் நாகையிலும் குளச்சலிலும் உற்றாரை இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆழிப்பேரலை ஆழ்கடலில் விரைந்தோடும்; ஆழம் குறையுமிடத்தில் வேகம் தளர்ந்து உயரம் மிகும். ஆகவே ஆழம் தெரிந்தாலன்றி, அலை எக்கரையை எந்நேரத்தில் எட்டும் எனக் கணித்தல் இயலாது. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய எச்சரிக்கை மையத்தின் கணக்கிற்கும் இவ்வளவுகளே அடிப்படை.

நாட்டுக் காவலுக்காகச் சிலவற்றை மறைத்தல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் பேழையில் பூட்டிய தாள் எவர்க்கும் உதவாது என்பதைக் கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் நாம் நன்கறிவோம். காவலுக்கு ஊறு செய்யாத அளவுகளையேனும் பொதுவில் வைத்தல் வேண்டும். பார் அறிந்த மீனவரின் அறிவையும், அவர் இசைவோடும் அவர் பெயரோடும், அதில் சேர்த்தல் வேண்டும். பொதுப்பணத்தால் அளந்த கடல், அக்கடலையே நம்பி வாழ்வோர்க்கு முதலிற் பயன்படுதல் அன்றோ முறை?